வயதான நாயின் இதயமும் வைத்தியரின் வழிகாட்டியும்

கறவை மாடு, ஆடு, கோழி பற்றியே நாம் பெரும்பாலும் எழுதி வருகிறோம். இம்முறை நாயைப் பற்றி எழுதுகிறோம். கிராண்ட்பாஸின் ஒடுங்கிய தோட்டத்து வீடுகளில் மாடு கட்ட இடமில்லை. ஆனால் பல வாசல்களில் ஒரு நாய் படுத்திருக்கும். தனித்து வாழும் முதியோருக்கு அதுவே காவலும் துணையும்.

பொமரேனியன் போன்ற சிறிய நாய்களுக்கு வயது செல்லும்போது இதயத்தின் இடப்பக்க வால்வு தடித்து, சரிவர மூடாமற் போவதுண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் சிறிது இரத்தம் பின்னோக்கிக் கசியும். அந்த ஓசையை வைத்தியர் குழாய் வைத்துக் கேட்டு அறிகிறார். "இதய வருத்தம்" என்றதும் வீட்டார் சிலர் உடனே குளிசை கேட்கின்றனர். வேறு சிலர் செலவுக்கு அஞ்சி மறுபடி வருவதேயில்லை. இரண்டுமே நாய்க்கு நல்லதல்ல.

எப்போது மருந்து தேவை, எப்போது தேவையில்லை என்பதை அறிய வைத்தியருக்கு உதவுவது ஒரு வழிகாட்டி. அமெரிக்க மிருக உள்மருத்துவக் கல்லூரி இதனை 2009இல் வெளியிட்டு 2019இல் திருத்தியது. அது நோயைப் படிகளாகப் பிரிக்கிறது:

ஏ: இன்னும் நோயில்லை, ஆனால் நோய் வரக்கூடிய இனம்.
பி1: ஓசை உண்டு, இதயம் குறிப்பிடத்தக்க அளவு பெருக்கவில்லை. மருந்து வேண்டாம், 6 முதல் 12 மாதத்தில் மீண்டும் பரிசோதித்தால் போதும்.
பி2: ஓசை பலமாக உண்டு, இதயமும் பெருத்துள்ளது, நாயோ சுகமாகவே தெரியும். பிமோபெண்டன் குளிசையைத் தொடங்கும் கட்டம் இதுவே.
சி: நுரையீரலில் நீர் கட்டி மூச்சு வாங்கும். நீர் போக்கும் மருந்தும் சேரும்.
டி: வழமையான மருந்துக்குக் கட்டுப்படாத நிலை.

பி2 கட்டத்தில் தொடங்கிய மருந்து, இதயச் செயலிழப்பைச் சராசரியாகச் சுமார் 15 மாதம் பிற்போட்டது என 2016இல் வெளியான, 360 நாய்களைக் கொண்ட ஆய்வு காட்டிற்று. பி1இல் கொடுப்பதால் பயன் உண்டென நிரூபிக்கப்படவில்லை. ஆகவே வீண் செலவைத் தவிர்க்கவும் இவ்வழிகாட்டி உதவுகிறது. இதயத்தை அளக்க ஸ்கேன் சிறந்தது. அவ்வசதி இல்லாதவிடத்து, எக்ஸ்ரேயில் இதயம் தெளிவாகப் பெருத்திருந்தால் அதைக் கொண்டும் வைத்தியர் முடிவெடுக்கலாம்.

வீட்டார் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. நாய் அயர்ந்து உறங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்குவது ஒரு மூச்சு. 30க்குக் குறைவாயின் நல்லது. தொடர்ந்து 30ஐத் தாண்டினால் தாமதியாது வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். எண்ணிக்கையை ஒரு கொப்பியில் குறித்துக் கொண்டு போனால் அவருக்குப் பேருதவி.

இருமல் எல்லாம் இதய நோயல்ல. மூச்சுக்குழாய்க் கோளாறாலும் வரும். எனவே வீட்டுப் பெரியவரின் இதயக் குளிசையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். நோய்ப்பட்ட நாய்க்குக் கருவாடு போன்ற உப்புப் பண்டங்களையும் தவிருங்கள்.

கடிகாரமும் ஒரு நிமிடப் பொறுமையும் எந்த ஏழை வீட்டிலும் உண்டு. வாயில்லாச் சீவனுக்காக அதைச் செலவிடுவதும் எமது பொறுப்பே.