உயிர்வேலி: வளவில் வளரும் பசளை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேலி என்பது எல்லையைக் காட்டுவதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் கதியால்களை நாட்டி வளர்க்கும் வேலி, வயலுக்கும் தோட்டத்துக்கும் குழையையும், ஆட்டுக்குத் தீனியையும், அடுப்புக்கு விறகையும் தருவது. இந்நாளில் பல வளவுகளில் மதிலும் தகரமும் அதன் இடத்தைப் பிடித்துள்ளன. மதில் காவல் தரும், குழை தராது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீங்கும் வரை, குழையும் எருவும் கைவசம் இல்லாதோர் அடைந்த இடரைக் கமக்காரர் அறிவர்.

குழையின் பயன்

குடாநாட்டுச் செம்மண் நீரை விரைவிற் கீழே விட்டுவிடும். அதன் அடியில் உள்ளது சுண்ணக்கல். பயிர் எடுத்துக்கொள்ளாத யூரியா, நைத்திரேற்றாக மாறி, இறைப்பு நீருடனும் மாரி மழையுடனும் கிணற்றை அடைகின்றது. அக்கிணற்று நீரையே நாம் பருகுகின்றோம். ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அது மிகுமாயின், அந்நீரிற் கரைத்த பாலை அருந்தும் பச்சிளங் குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை இழக்கக்கூடும்.

மண்ணில் தாழ்த்திய குழையோ மெல்ல உக்கிப் பயிருக்கு உணவாகும். மண்ணின் ஈரத்தையும் காக்கும். 100 கிலோ பச்சைச் சீமைக்கிளுவைக் குழையில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ யூரியாவிலுள்ள அளவு நைதரசன் உண்டு. ஆதலின் குழை மட்டும் போதுமென எண்ணற்க. இட்ட குழைக்கு ஏற்ப யூரியாவைக் குறைத்துக்கொள்வதே முறை.

கதியால் நாட்டுதல்

புரட்டாதிக் கடைசியில் அல்லது ஐப்பசியில், மழை தொடங்கியதும் நாட்டுதல் நன்று. ஒன்றரை முதல் இரண்டு அங்குலப் பருமனுள்ள முற்றிய கிளைகளை 5 முதல் 6 அடி நீளத்துக்கு வெட்டுக. பட்டை கிழியாதவாறு கூரிய கத்தியாற் சரிவாக வெட்டி, மேல்நுனியிற் சாணம் பூசுக. அலவாங்கினால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழியிட்டு, ஓரடி இடைவெளியில் நாட்டி, மண்ணை இறுக்குக. அடிமரம் அசைந்தால் வேர் பிடியாது.

மதில் கட்டியவரும் மனம் தளர வேண்டியதில்லை. மதிலின் உட்புறத்தில் மூன்று அடி தள்ளி ஒரு வரிசை சீமைக்கிளுவை நாட்டலாம்.

வெட்டுதலும் தாழ்த்தலும்

முதலாண்டில் வெட்டலாகாது. பின்னர், நெல் விதைப்புக்கு முன் ஆவணியில் ஒருமுறையும், மரக்கறித் தோட்டத்துக்காகத் தையில் ஒருமுறையும் வெட்டலாம். சோளகம் வீசும் வைகாசி முதல் ஆடி வரை வேலியை மொட்டையாக்கலாகாது. வாழைக்கும் மரக்கறிக்கும் அதுவே காற்றுத்தடை. குழையைப் பூக்குமுன் வெட்டி, நடுகைக்கு இரண்டு மூன்று கிழமை முன்பாகத் தாழ்த்துக. பச்சைக் குழை உக்குமுன் நாற்றை நட்டால் பயிர் வாடும்.

பூவரசும் வெண்டியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பூவரசங் காயிற் பெருகும் சிவப்பு நாவாய்ப்பூச்சி வெண்டியையும் தாக்கும். ஆகையால் வெண்டிப் பாத்தியைப் பூவரசு வேலிக்கு அணித்தாக அமைத்தலைத் தவிர்க்க.

வேலி முழுவதையும் ஒரே ஆண்டில் மாற்ற இயலாதெனின், வரும் மாரியில் வளவின் ஒரு பக்கத்தையேனும் நாட்டுக. அதில் வெட்டும் கதியால்கள் பின்னர் ஏனைய பக்கங்களுக்கும் அயலாருக்கும் உதவும். மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.