மூணாற்றில் ஓடிய ரயிலும் மேசைமேல் ஓடும் ரயிலும்

மேல்நாடுகளில் சங்கம் வைத்து மாதிரி ரயில் அமைக்கிறார்கள். மேசைமேல் மலை, பாலம், ஸ்டேஷன் எல்லாம் செய்து, திறப்பு நாளில் ஊராரை அழைத்து ஓட்டிக் காட்டுவார்கள். எச்.ஓ. என்னும் அளவே அதிகம் வழங்குவது: அசலில் 87 அடி, மாதிரியில் ஓர் அடி. ஸ்வீடன் நாட்டின் 891 மி.மீ. அகலக் குறும்பாதை இந்தக் கணக்கில் 10 மி.மீ. சொச்சமாகிவிடும்.

நம் இடுக்கி மலையிலும் ரயில் ஓடியது என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? 1902-ல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். பாரம் தண்டவாளத்துச் சக்கரத்தின் மேல். வண்டி சாயாமலிருக்கத் தரையில் உருளும் இன்னொரு சக்கரம். இழுத்தவை மாடுகள்! 1908-ல் இரண்டடி அகலப் பாதையும் நீராவி எஞ்சினும் வந்தன. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போயின. 1924 ஜூலை வெள்ளம், மலையாளிகள் சொல்லும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்', பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி போடவில்லை.

இதை மாதிரியாகச் செய்தால் தண்டவாள அகலம் 7 மி.மீ. வரும். ஆனால் சுமார் 32 கி.மீ. தூரத்தை அப்படியே சுருக்கினாலும் 360 மீட்டருக்கு மேல் நீளும். எந்தச் சங்கக் கட்டடமும் கொள்ளாது. எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். என்னைக் கேட்டால், கம்பிவடத்தை மட்டும் விடக்கூடாது. நம் பாட்டன் பாட்டிமார் பலர் நடந்து ஏறிவந்த போடிப் பக்கமே தேயிலை இறங்கிற்று என்பதைப் பிள்ளைகள் அதில்தான் பார்ப்பார்கள்.