கண்ணி வெட்டினால் செயின் சரியாகுமா?

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வால்பாறைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டியிருக்கிறார். செயின் தொங்கிக்கொண்டிருந்தது, அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டையும் தொட்டுவிட்டது. மெக்கானிக் இரண்டு கண்ணியை வெட்டி எடுத்து, லாக் மாட்டி, டைட் வைத்து அனுப்பிவிட்டார். மறுநாள் ஆழியாறு தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறியிருப்பார்கள். பின்சக்கரத்திலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம். அடுத்த வளைவில் ஆக்சிலரேட்டரை முறுக்கியதும் எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. செயின் கழன்று தொங்குகிறது. பின்சீட்டில் மனைவி, டேங்க் மேல் பை, மணி மாலை ஐந்து. “செயின் டைட்டாகத்தானே இருந்தது, ஏன் கழன்றது? ஒரே நாளில் இரும்பு மறுபடியும் நீண்டுவிடுமா?” என்று கேட்கிறார்.

இரும்பு நீளவே இல்லை. ‘செயின் நீண்டுபோச்சு’ என்று ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் எஃகுத் தகடு இழுபட்டு நீள்வது இந்த வண்டிகளில் நடக்கிற காரியமில்லை. 100, 125 சிசி வண்டிகளில் பரவலாக இருப்பது 428 என்ற அளவுச் செயின். புதிதாக இருக்கும்போது அதை அறுக்க ஒன்றரை டன்னுக்கு மேல் இழுக்க வேண்டும். 100 சிசி எஞ்சின் எவ்வளவு இழுக்கும்? எஞ்சினின் முறுக்குவிசை 8 நியூட்டன் மீட்டர், முதல் கியரில் அது பத்து மடங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். 14 பல் உள்ள முன் ஸ்பிராக்கெட்டில் அது சுமார் 2,800 நியூட்டன் இழுப்பாக மாறும். கிலோ கணக்கில் 285. அறுக்கத் தேவையானதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சின் எவ்வளவு அலறினாலும் தகட்டை நீட்ட அதனால் முடியாது.

பிறகு எப்படித் தொங்குகிறது? தேய்மானம் நாம் பார்க்க முடியாத ஓர் இடத்தில் நடக்கிறது. செயினைக் கையில் எடுத்தால் உருளும் ரோலர் தெரியும். ரோலருக்குள் புஷ் என்ற சிறு குழாய். அந்தப் புஷ்ஷுக்குள் பின். செயின் மடங்கும்போதெல்லாம் பின் புஷ்ஷுக்குள் லேசாகத் திரும்புகிறது. அந்த உராய்வுதான் எல்லாவற்றுக்கும் மூலம்.

எத்தனை முறை மடங்குகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 112 கண்ணிகள் கொண்ட செயின், பின்னால் 42 பல், 18 அங்குலச் சக்கரம் என்று எடுத்துக்கொள்வோம். வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் செயின் ஏறத்தாழ 200 சுற்று சுற்றிவிடும். ஒரு சுற்றில் ஒவ்வொரு மூட்டும் நான்கு முறை திரும்பும்: முன் ஸ்பிராக்கெட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும், பின்னதில் ஏறும்போதும் இறங்கும்போதும். 10,000 கிலோமீட்டருக்கு 80 லட்சம் திருப்பங்கள். 42 பல் ஸ்பிராக்கெட்டில் மூட்டு ஒன்பது டிகிரிக்கும் குறைவாகத் திரும்புகிறது. 14 பல் உள்ள முன் ஸ்பிராக்கெட்டிலோ கிட்டத்தட்ட 26 டிகிரி. அதுவும் இழுவிசை முழுதும் இருக்கும் மேல்பக்கத்திலிருந்து வந்து ஏறும்போது. ‘மலைக்கு பிக்கப் வேணும்’ என்று முன்னால் ஒரு பல் குறைத்துப் போடுகிறவர்கள், செயினை மேலும் கூர்மையாக மடக்கி, இழுப்பையும் ஏழெட்டு சதவீதம் கூட்டுகிறார்கள். அந்தப் பிக்கப்புக்கான விலையைச் செயின் கொடுக்கிறது.

இத்தனை லட்சம் திருப்பங்களுக்குப் பிறகும் ஒரு மூட்டில் தேய்வது எவ்வளவு? மூட்டுக்கு 0.127 மில்லிமீட்டர் தேய்ந்தாலே செயின் ஒரு சதவீதம் நீண்டதாகக் கணக்கு. ஒரு தாளின் தடிமனைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். 112 மூட்டிலும் அதைச் சேர்த்தால் மொத்தம் 14 மில்லிமீட்டர். அதுதான் கீழே தொங்குகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. செயினில் உள்கண்ணி, வெளிக்கண்ணி என்று மாறி மாறி வரும். உள்கண்ணியில் இரண்டு புஷ்களும் தகட்டில் அழுத்திப் பொருத்தப்பட்டவை; அவற்றுக்கு இடையிலான தூரம் எவ்வளவு தேய்ந்தாலும் 12.7 மில்லிமீட்டர்தான், மாறாது. தேய்மானம் முழுவதும் வெளிக்கண்ணியின் இரு முனைகளிலும் வந்து சேர்கிறது. அதனால் பழைய செயினில் ரோலர்களுக்கு இடையே ஓர் இடைவெளி சரியான அளவு, அடுத்தது பெரியது, மறுபடி சரியானது, மறுபடி பெரியது. ஸ்பிராக்கெட்டின் பற்களோ எல்லாம் ஒரே இடைவெளியில் வெட்டப்பட்டவை. பல்லுக்கும் ரோலருக்கும் கணக்கு ஒத்துப்போகாமல் போவது இங்கேதான்.

மொட்டைமாடியில் பாட்டியைச் சுற்றி உட்கார்ந்து நிலாச்சோறு சாப்பிடும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டு பேராக, அண்ணனும் தங்கையும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நெருக்கம் மாறாது, அது உள்கண்ணி. ஒரு ஜோடிக்கும் பக்கத்து ஜோடிக்கும் இடையில்தான் நாளாக ஆகச் சண்டை வந்து, ஒரு விரற்கடை தள்ளி உட்காருகிறார்கள், அது வெளிக்கண்ணி. எல்லா ஜோடிகளும் ஒரு விரற்கடை தள்ளினால் வட்டத்துக்குள் இடம் போதாது. எல்லோரும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து பெரிய வட்டமாகத்தான் உட்கார முடியும். பாட்டியின் கை அதே நீளம். முதலில் உருண்டை விரல் நுனியில் கிடைக்கும், பிறகு எட்டிப் பிடிக்க வேண்டும், பிறகு சோறு தரையில் விழும். 14 பிள்ளைகள் உட்கார்ந்த சின்ன வட்டமானால் கொஞ்சம் நகர்ந்தால் போதும். 42 பிள்ளைகள் உட்கார்ந்த வட்டம் அதைப்போல மூன்று மடங்கு பின்வாங்கும். பசியோடு ஒருவன் எட்டி இழுத்தால் பக்கத்து ஜோடியும் சேர்ந்து சரியும். பாட்டியின் கைதான் பல் என்று சொல்லத் தேவையில்லை.

இதை எண்ணாகவும் பார்க்கலாம். இரண்டு சதவீதம் தேய்ந்த செயின், 42 பல் ஸ்பிராக்கெட்டில் 1.7 மில்லிமீட்டர் உயரத்தில் ஏறி உட்காரும். 14 பல் உள்ளதில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பின்னால் ரோலர்கள் பள்ளத்தில் அமராமல் பல்லின் சரிவில் நிற்கின்றன. பல பற்கள் பங்கு போட்டுச் சுமந்த பாரம் ஒன்றிரண்டு பற்களின் மேல் விழுகிறது. பல் ஒரு பக்கமாகத் தேய்ந்து கூராகிறது. சமதளத்தில் மெதுவாகப் போகும்வரை எப்படியோ சமாளிக்கும். கொண்டை ஊசி வளைவில் வேகம் செத்து, முதல் கியருக்கு இறக்கி முறுக்கும் நொடியில் ரோலர் சரிவில் மேலேறி அடுத்த பள்ளத்துக்குத் தாவிவிடுகிறது. வாசகர் கேட்ட ‘டக் டக்’ அதுதான்; அப்படித் தாவித் தாவித்தான் செயின் கழன்றது.

இப்போது அந்த இரண்டு கண்ணிக்கு வருவோம். இரண்டு கண்ணி என்றால் 25.4 மில்லிமீட்டர். இரண்டு சதவீதம் தேய்ந்த செயின் கூடுதலாக நீண்டிருப்பது 28 மில்லிமீட்டர். ஆக, மெக்கானிக் நீளத்தை ஏறக்குறைய புதுச் செயின் அளவுக்கே கொண்டுவந்துவிட்டார். தொய்வு போய்விட்டது, கையால் அழுத்திப் பார்த்தால் திடமாக இருக்கும். ஆனால் மிச்சமிருக்கும் 110 கண்ணிகளும் அதே இரண்டு சதவீதத் தேய்மானத்தோடுதான் ஸ்பிராக்கெட்டில் ஏறுகின்றன. தொய்வு என்பது நமக்குக் கிடைத்த எச்சரிக்கை. கண்ணி வெட்டியதில் எச்சரிக்கை போய்விட்டது, நோய் அப்படியே இருக்கிறது. வெட்டிய மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை; செட்டாக மாற்றச் சொன்னால் ‘காசு பார்க்கிறான்’ என்று வாடிக்கையாளர் நினைப்பார் என்ற பயமும் அவருக்கு இருக்கும்.

வரலாறு கொஞ்சம். லியனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளில் செயின் படம் இருக்கிறது என்று எல்லாக் கட்டுரைகளும் தொடங்கும். ஆனால் இன்று நாம் ஓட்டும் புஷ் வைத்த ரோலர் செயின் ஹான்ஸ் ரெனால்டுடையது. ஸ்விட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் செய்தவர். 1880இல் பின்னுக்கும் ரோலருக்கும் இடையே புஷ்ஷைப் புகுத்தினார். அதற்கு முன் மெல்லிய தகட்டின் ஓட்டை விளிம்பே பின்னோடு உராய்ந்து சீக்கிரம் தேய்ந்தது. புஷ் வந்ததும் அதே பாரம் அகலமான பரப்பில் பரவியது. அடிப்படை அமைப்பு இன்றுவரை அதுதான்.

விளம்பரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘எங்கள் செயின் ஸ்பிரே அடித்தால் மைலேஜ் எகிறும்’ என்று வரும் வீடியோக்களை நம்ப வேண்டாம். 1999இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசரின் குழு சைக்கிள் செயினைச் சோதித்து, கொடுத்த சக்தியில் 98.6 சதவீதம்வரை மறுமுனைக்குப் போய்ச் சேர்வதை அளந்தது. சுத்தமான சோதனைக்கூடத்தில் எந்த எண்ணெய் போட்டாலும் திறனில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் கண்டது. வீணாவதே இரண்டு மூன்று சதவீதம் என்றால், எந்த டப்பாவும் மைலேஜை எங்கிருந்து எகிறவைக்கும்? எண்ணெய் தேவைதான், ஆனால் மைலேஜுக்காக அல்ல. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் மண் புகுந்து அரைக்காமலிருக்கவும், பின்னின் மேல் உள்ள கடினப்பட்ட மெல்லிய தோல் சீக்கிரம் போய்விடாமலிருக்கவும். அந்தத் தோல் தேய்ந்தபின் உள்ளே இருக்கும் மென்மையான எஃகு வேகமாகக் கரையும். நாலு மாதம் டைட் வைக்க வேண்டியிராத செயின் திடீரென்று வாரம் ஒருமுறை தொங்குவது அதனால்தான். சாதாரணச் செயினுக்கு 90 ஆயில் போதும். வண்டி ஓட்டி வந்த சூட்டில், கீழ்ப்பக்கச் செயினின் உள்புறமாக, தகடுகளின் இடுக்கில் விட வேண்டும். வெளியே கட்டியாக கிரீஸ் அப்புவது மண்ணைப் பிடித்து வைக்க மட்டுமே உதவும். வடித்தெடுத்த பழைய எஞ்சின் ஆயிலில் இரும்புத்தூள் இருக்கும், அது வேண்டவே வேண்டாம்.

சரி, பாதி மலையில் செயின் கழன்றால்? எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் போடுங்கள். கழன்றிருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறுந்த செயின் முன் ஸ்பிராக்கெட்டில் சுருண்டு சிக்கியிருந்தால் வண்டியைத் தள்ளவோ ஸ்டார்ட் செய்யவோ கூடாது. எஞ்சின் உறையே உடையக்கூடும். செயின் கழலாமலும் அறுபடாமலும் இருந்து, கியரில் போட்டு கிளட்ச்சை விட்டும் எஞ்சின் மட்டும் வெறுமனே சுற்றினால் சந்தேகப்பட வேண்டியது கிளட்ச் பிளேட்டை. கழன்றது மட்டுமே என்றால் மாட்டிவிடலாம்: ஆக்சில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைச் சற்று முன்தள்ளி, செயினைப் பின் ஸ்பிராக்கெட்டில் ஏற்றி, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். செயினுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவில் விரல் போய்த் துண்டானவர்கள் நிறைய பேர்.

மாட்டிய பிறகு எப்படி ஓட்டுவது என்பதில் ஒரு நல்ல இயற்பியல் இருக்கிறது. ‘சின்ன கியரில் போனால் செயினுக்குப் பாரம்’ என்று சிலர் சொல்வார்கள். செயின் கியர்பாக்ஸுக்கு அப்பால் இருக்கிறது. ஒரே ஏற்றத்தில் ஒரே சீரான வேகத்தில் போனால் எந்தக் கியரிலும் செயினின் இழுப்பு ஒன்றுதான். அதைத் தீர்மானிப்பது எடையும் ஏற்றமும். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் வண்டியும் இருவரும் பையுமாக 250 கிலோ ஏறினால் செயின் சுமார் 110 கிலோ இழுப்பில் இருக்கும். பின்சீட்டுக்காரரையும் பையையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினால் அது 80க்கு இறங்கும். திடீர் முறுக்கலில்தான் 285வரை எகிறுகிறது. ஆகவே தனியாக, சின்ன கியரில், ஆக்சிலரேட்டரைப் பட்டுப்போலத் திறந்து போகலாம். அறுந்துவிட்டதென்றால், ‘இறக்கம்தானே, நியூட்ரலில் உருட்டிப் போவோம்’ என்ற எண்ணம் ஆபத்தானது. எஞ்சின் பிடிமானம் இல்லாமல் இத்தனை வளைவுகளையும் பிரேக்கால் மட்டும் இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிக்காமல் போகும். ‘குட்டி யானை’ லோடு வண்டி ஏதாவது வந்தால் கைகாட்டி வண்டியை ஏற்றுங்கள்.

அடுத்த முறை கிளம்புமுன் செய்யவேண்டிய சோதனைக்கு அரை நிமிடம் போதும். மூடிய செயின் கவர் என்றால் அதிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றுங்கள். பின் ஸ்பிராக்கெட்டின் பின்கோடியில், செயினை விரலால் பிடித்து உங்கள் பக்கமாக, அதாவது பல்லிலிருந்து விலக, இழுத்துப் பாருங்கள். புதுச் செயின் அசையாது. பாதிப் பல் வெளியே தெரியும் அளவுக்கு எழுந்தால் செயின் முடிந்துவிட்டது. இரண்டு ஸ்பிராக்கெட்டுகளோடு செட்டாக மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அதையும் அந்தப் பல் கெடுத்துவிடும். மாற்றியபின் தொய்வை வண்டியின் கையேட்டில் உள்ளபடி வையுங்கள். பெரும்பாலான சிறிய வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர்வரை. சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும். ஆள் ஏறி ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது செயின் மேலும் இறுகும் என்பதால், அதற்கு இடம் விடாமல் முறுக்கி வைத்தால் கியர்பாக்ஸ் பேரிங்தான் அடிவாங்கும். பையில் உங்கள் செயின் அளவுக்கே உரிய ஒரு செயின் லாக் இருக்கட்டும், 428க்கு 428 லாக்தான் சேரும். மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எங்காவது இடித்தவுடன் கழன்று தெறித்துவிடும்.