வானத்து வலிமையும் வீட்டு வளர்ப்பும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், கழுத்தில் ஒரு துண்டை முடிந்துகொண்டு திண்ணையிலிருந்து குதிக்கும் சிறுவர்களை எவ்வூரிலும் காணலாம். ‘சூப்பர்மேன்’ என்னும் பெயரைக் கேட்டறியாத குழந்தை இன்று அரிது. அதிலும் திருத்தணி இரு மொழிகளின் தலைவாயிலில் அமைந்த ஊர். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் ஆந்திர மாநிலத்தினின்று பிரிந்து, அந்நாளைய சென்னை மாநிலத்துடன் இணைந்த இவ்வூரில், மலைக்கோயிலின் படிகளில் ஏறிச் செல்லும் மக்களிடையே தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. இரு மொழிப் படங்களும், அவற்றோடு அயல்நாட்டுப் படங்களும் நம் பிள்ளைகளின் கண்முன் வந்து நிற்கின்றன. ஆகவே, பறக்கும் வீரனைப் பற்றிப் பெற்றோராகிய நாம் சற்றே சிந்திப்பது வீண் வேலையாகாது.

அவனுடைய வலிமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ‘வேறோர் உலகத்திலிருந்து’ என்று எந்தச் சிறுவனும் சொல்லிவிடுவான். அவனுடைய நற்குணம் எங்கிருந்து வந்தது? 1938 முதல் 2025 வரை, படக்கதையிலும் திரையிலுமாக அவன் நடந்து வந்த 87 ஆண்டுப் பயணத்தில் இக்கேள்விக்குக் கிடைத்த விடை பலமுறை மாறியிருக்கிறது. அம்மாற்றத்தில் நம் குடும்பங்களுக்கு ஒரு பாடம் உண்டு.

படக்கதையில்

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வாழ்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்னும் யூத இளைஞர் இருவர் இவ்வீரனைப் படைத்தனர். பொருளாதார வீழ்ச்சியால் ஏழைகள் நலிந்திருந்த காலம் அது. 1938-இல் வெளிவந்த முதற்கதையில் அவன் எதிர்க்கும் தீமைகள் நாம் அன்றாடம் காண்பவையே. குற்றமற்ற ஒரு பெண்ணை மரண தண்டனையினின்று காக்கிறான். மனைவியை அடிக்கும் கணவனைத் தடுக்கிறான். அரசியலைக் கெடுக்கும் தரகன் ஒருவனை மிரட்டுகிறான். அப்போது அவனுக்குப் பறக்கவும் தெரியாது. ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தொலைவு தாவுவான், அவ்வளவே. இவ்வீரனின் உரிமையைப் படைத்தவர்கள் 130 டாலருக்கு விற்றுவிட்டனர் என்பதும், முதுமையை நெருங்கிய பின், 1975-ஆம் ஆண்டில்தான் அவர்களுக்கு ஓய்வூதியம் கிட்டியது என்பதும் வருந்தத்தக்க வரலாறு. நீதிக்காகப் போராடும் வீரனைத் தந்தவர்களுக்கு நீதி தாமதமாகவே வந்தது!

முதற்கதையில் அவனுக்கு வீடும் இல்லை. கிரிப்டான் என்னும் உலகம் அழியும் வேளையில் அனுப்பப்பட்ட குழந்தையை, வழிப்போக்கர் ஒருவர் அநாதை இல்லத்தில் சேர்த்துவிடுகிறார். அடுத்த ஆண்டு, 1939-இல், கதையாசிரியர்கள் ஒரு திருத்தம் செய்தனர். கென்ட் என்னும் தம்பதியர் அக்குழந்தையை எடுத்து வளர்ப்பதாக எழுதினர். வலிமையைக் காட்டிப் பிறரை அச்சுறுத்தாதே என்றும், தக்க காலத்தில் அதனை மக்களுக்கு உதவப் பயன்படுத்து என்றும் அப்பெற்றோர் கற்பிக்கின்றனர். சில கட்டங்களில் அடங்கிய இச்சிறு சேர்க்கையே அவ்வீரனின் உயிர்நாடி ஆயிற்று எனலாம்.

தமிழகத்துச் சிறுவர்கள் அறிந்த மற்றொருவரை இங்கே ஒப்பிடலாம். 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடே ‘இரும்புக்கை மாயாவி’. 1962-இல் ஆங்கில வார இதழொன்றில் பிறந்த பாத்திரம் அது. விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பெற்ற அம்மனிதர், மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவார். கை மட்டும் தெரியும். இவ்வரிய ஆற்றல் கிட்டியதும் அவர் முதலில் இறங்கியது குற்றவழியில்! பின்னரே மனம் மாறி நீதியின் பக்கம் நின்றார். ஆற்றல் தானாகவே அறத்தைக் கற்பிப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

திரையில்

1941-இல் வரத் தொடங்கிய கேலிச்சித்திரப் படங்களில், தாவும் வீரன் பறக்கும் வீரனானான். 1978-இல் கிறிஸ்டபர் ரீவ் நடித்த படம் உலகெங்கும் புகழ்பெற்றது. அதில் வளர்ப்புத் தந்தை மாரடைப்பால் இறக்கிறார். இத்துணை ஆற்றல் இருந்தும் தந்தையைக் காக்க இயலவில்லையே என மகன் கலங்கி நிற்கும் காட்சி, பறக்கும் காட்சிகளைவிட உள்ளத்தைத் தொடுவது. ரீவ் 1995-இல் குதிரையிலிருந்து விழுந்து உடல் செயலிழந்தார். 2004-இல் இறக்கும் வரை சக்கர நாற்காலியில் இருந்தபடியே தம்மைப் போன்ற நோயாளருக்காகப் பாடுபட்டார். அசைய முடியாத அந்நிலையில் அவர் காட்டிய துணிவு, திரையில் காட்டிய துணிவினும் பெரிது.

எல்லைக்கு அப்பால், 1980-இல் என். டி. ராமராவ் நடிக்கத் தெலுங்கிலும் ஒரு ‘சூப்பர்மேன்’ வந்தது. அதில் பெற்றோர் கொலையுண்டதைக் கண்ட சிறுவன், அனுமனை வேண்டி ஆற்றல் பெற்று, வளர்ந்தபின் கொலைஞரைப் பழிவாங்குகிறான். பெயர் அதே, நோக்கமோ வேறு. எளியோரைக் காக்க வந்த வலிமை பழிதீர்க்கும் கருவியாயிற்று. நம் நாட்டுத் திரைப்படங்கள் பலவற்றிலும் நாயகனின் வீரம் இப்பாதையிலேயே செல்வதை நாம் அறிவோம்.

2013-இல் வந்த அமெரிக்கப் படத்தில் மாநகரமே இடிந்து விழுகிறது. இறுதியில் வீரன் தன் பகைவனின் கழுத்தை முறித்துக் கொல்கிறான். ஒரு குடும்பத்தைக் காக்கவே அவ்வாறு செய்து, பின் கதறுகிறான் என்றாலும், பழைய வாசகர் பலர் மனம் நொந்தனர். 2025-இல் வந்த படமோ வேறு வழி சென்றது. அதில் வீரன் பெரும் போரின் நடுவே ஓர் அணிலைக் கூடக் காக்கிறான். தன்னைப் பெற்றவர்கள் தன்னை உலகை ஆளும்படி அனுப்பினார்கள் என்று அறிந்து இடிந்துபோகும் அவனை, வளர்த்த தந்தையின் சொற்களே நிமிர்த்துகின்றன. படத்தின் முடிவில் அவன் ஆறுதலுக்காகக் காண்பது கிரிப்டானின் செய்தியை அன்று. தன் சிறுவயது வீட்டுக் காட்சிகளை!

2024-இல் தெலுங்கில் வந்த ‘ஹனுமான்’ படமும் இதையே சொல்கிறது. நாயகன் அக்காளின் அன்பில் வளர்ந்த சிற்றூர் இளைஞன். வில்லனோ, மாவீரர் எல்லாரும் பெற்றோரை இழந்தவர் என்று எண்ணித் தன் பெற்றோரையே கொன்றவன். வீட்டை அழித்துவிட்டு வீரத்தைத் தேடியவன் கொடியவனானான்.

நாசரேத்தூரில்

தந்தை தம் ஒரே மகனை உலகுக்கு அனுப்புவதாக 1978 படம் பேசுகிறது. 2013 படத்தில் 33 வயது வீரன் ஆலயத்தில் குருவிடம் ஆலோசனை கேட்கிறான். நம் ஆண்டவரை நினைவூட்டவே இவை அமைக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. எனினும் வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது நம் கடமை. ஆலய உச்சியிலிருந்து குதித்துக் காட்டும்படி அலகை சோதித்தபோது இயேசு மறுத்துவிட்டார். சிலுவையினின்று இறங்கி வரும்படி ஏளனம் செய்தபோதும் இறங்கவில்லை. வல்லமையைக் காட்சிப் பொருளாக்க அவர் இசையவில்லை. மேலும், அவர் வாழ்வின் பெரும்பகுதி நாசரேத்தூரில், சூசையப்பர், மரியன்னை ஆகியோரின் எளிய இல்லத்தில் கழிந்தது. இறைமகனுக்கே ஓர் இல்லம் வேண்டியிருந்ததெனில், நம் பிள்ளைகளுக்கு அது எத்துணை இன்றியமையாதது!

பெற்றோரே, நம் நிலையை எண்ணிப் பார்ப்போம். விடியற்காலை ரயிலில் சென்னைக்கு வேலைக்குச் சென்று, பிள்ளை உறங்கியபின் வீடு திரும்பும் தந்தையர் நம்மிடையே உண்டு. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கங்களில் விசைத்தறியின் ஓசையிடையே நாள் முழுதும் உழைக்கும் அன்னையர் உண்டு. அவ்வேளையில் குழந்தையின் கையில் இருப்பது கைப்பேசி. அதில் ஓடுவது அடிதடி. உழைப்பைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. வயிற்றுப்பாடு எவரையும் விடுவதில்லை. ஆயினும் ஞாயிறு ஒருநாளேனும் பிள்ளையோடு அமர்ந்து அந்தப் படத்தைச் சேர்ந்து பாருங்கள். முடிந்ததும், ‘அவன் எத்தனை பேரை அடித்தான்?’ என்று கேளாது, ‘யாரைக் காத்தான்? அதை அவனுக்குக் கற்பித்தவர் யார்?’ என்று கேளுங்கள். பிறகு பிள்ளை பேசட்டும், நீங்கள் செவிகொடுங்கள்.

துண்டைக் கட்டிக் குதிக்கும் சிறுவனுக்கு வானத்திலிருந்து வலிமை வரப்போவதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக் கிழவிக்குத் தண்ணீர் தூக்கித் தரவும், வகுப்பில் எளியவனைப் பிறர் எள்ளும்போது அவன் அருகில் நிற்கவும் வேண்டிய வலிமை அவனிடம் இப்போதே உண்டு. அதைக் கண்டு சொல்ல ஒரு தாயும் தந்தையும் போதும்.