நூலைப் பழிக்குமுன்

பி.பி.சி.யில் 1963-இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானத் தொலைக்காட்சித் தொடரை ஒட்டி, டேவிட் விட்டேக்கர் 1964-இல் ஒரு நாவல் எழுதினார். தொடரிலே ஆசிரியர் இருவர் தம் மாணவியின் விந்தையை ஆராயப் புகுந்து காலயந்திரத்தைக் காண்கின்றனர். நாவலோ மூடுபனியில் நேர்ந்த கார் விபத்தோடு தொடங்குகிறது.

இது மூலத்தைச் சிதைத்தது என்பர் ரசிகர் சிலர். தனி நூலுக்குத் தகும் என்பர் வேறு சிலர். பள்ளிக்கூடம் மறைந்ததால், பழைய ஆசிரியனாகிய நானும் முதலில் குறை கூறினேன். பின்னர்க் காரணம் விளங்கிற்று: நாவலுக்கு ஆதாரம் தொடரின் இரண்டாங்கதை. முதற்கதையைக் காணாதவனும் அதனைப் படித்துணர வேண்டுமன்றோ! வீட்டில் ஒளிப்பதிவுக் கருவி இல்லாத அந்நாளில், கதையை மீண்டும் நுகர நூலே துணை.

ஆதலால், ஒரு நூலைப் பழிக்குமுன் அது யாருக்காக எழுந்தது என வினவுங்கள்.