எண்ணூர் எரிவாயுக் குழாய்: வயலுக்குள் வந்தால் நிலம் யாருக்கு?

எண்ணூரிலிருந்து புதுச்சேரி, மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை நீளும் இந்தியன் ஆயில் திட்டம் இது. பாய்லருக்கு டீசல் வாங்கும் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்காரர்களுக்கு நல்ல செய்திதான். குழாய் போகிற வயல்காரருக்கு?

நிலம் பறிபோகுமா?

போகாது. 1962-ம் ஆண்டு சட்டப்படி பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். அரசு எடுப்பது பயன்பாட்டு உரிமை மட்டும். பயிர் வைக்கலாம். ஆனால், குழாய் போகும் பகுதியில் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ கூடாது.

இழப்பீடு எவ்வளவு?

நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர்ச் சேதத்துக்குத் தனி.

எதிர்க்க முடியுமா?

'வயலில் வேண்டாம், சாலையோரம் கொண்டு போங்க' என்று கொங்கு விவசாயிகள் கெயில் குழாயை எதிர்த்தார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கெயிலுக்குச் சாதகமாக வந்தது. அதனால், அரசிதழ் அறிவிப்பு வந்ததும் 21 நாட்களுக்குள் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துடுங்க.