பன்றிக்கறி: மசாலா ருசிக்கு, தீ பாதுகாப்புக்கு!

திண்டுக்கல்லில் ஞாயிற்றுக்கிழமை பன்றிக்கறி எடுக்கிற குடும்பமா உங்களுடையது? ருசிக்கு முன்னால் வேக்காட்டைக் கவனியுங்கள்.

அரைகுறையாக வெந்த கறி மூலம் நாடாப்புழு குடலில் குடியேறலாம். அந்த மனிதரின் மலத்தில் வெளியேறும் புழு முட்டை, கழுவாத கை, பச்சைக் காய்கறி வழியே யார் வயிற்றுக்குள் போனாலும் ஆபத்து. மூளையில் நீர்க்கட்டி உண்டாகி வலிப்பு வரலாம்.

அரை கிலோ கறியைச் சிறு துண்டுகளாக்கி மஞ்சள், உப்பு பிசறுங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெயில் சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி வதக்குங்கள். கறியிலேயே கொழுப்பு இருக்கிறதே! கொடைக்கானல் மலைப்பூண்டு, இஞ்சி, மிளகு, சீரகம் அரைத்துச் சேர்த்தால் மணமும் வரும், செரிக்கவும் உதவும். குக்கரில் 6 விசில். வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு தெரியக் கூடாது.

மஞ்சளும் மிளகும் புழுவைக் கொன்னுடும்னு நம்பிடாதீங்க. அதைச் செய்வது அடுப்புதான்!